பூச்சிமருந்து விஷத்துக்கு சிமுலேஷன் பயிற்சி: மேனிக்கினா, மேசையா, நம் வார்டேவா?

"நல்ல மேனிக்கின் ஒன்று வாங்கிவிடலாமா, இல்லை டாக்டர்களை சிமுலேஷன் மையத்துக்கு அனுப்பலாமா?" அவசர சிகிச்சைப் பிரிவை நடத்துகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. மேனிக்கின் என்றால் நோயாளிபோல் நடந்துகொள்ளும் பயிற்சிப் பொம்மை; சிமுலேஷன் என்றால் நிஜம்போல் நடத்திப் பார்க்கும் பயிற்சி. இப்போது வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடியும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கையில் இருப்பதோ ஒரு வருடத்துப் பயிற்சிப் பணம், டியூட்டிக்கு நடுவே திருடி எடுக்கும் சில மணி நேரம். எதில் போடுவது?

நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன். கடைசியாக வந்த பூச்சிமருந்து கேஸில் உங்கள் குழு எங்கே தடுமாறியது? அதைச் சொல்ல முடிந்தால் பாதித் தேர்வு முடிந்தது. சொல்ல முடியவில்லை என்றால், எதை வாங்கினாலும் அது அலமாரியில்தான் போய்ச் சேரும்.

## முதலில், இந்த விஷம் நம்மிடம் என்ன கேட்கிறது?

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள், நரம்புச் செய்தியை அணைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்சைமை முடக்குகின்றன. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், நாடி இறங்கும், நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு முட்டும். இதை யாரும் தேர்வில் தப்பாக எழுதுவதில்லை. தடுமாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

இந்த விஷத்துக்கு முதன்மை மாற்றுமருந்து அட்ரோபின். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 0.6 மி.கி. ஆம்பூலில் (ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பி) அட்ரோபின் வைத்திருக்கும் இடத்தில் முதல் டோஸ் 1.8 மி.கி., அதாவது 3 ஆம்பூல். 5 நிமிடம் கழித்துப் பார்க்கிறோம். முன்னேற்றம் இல்லை என்றால் இரட்டிப்பு: 6 ஆம்பூல். மறுபடி 5 நிமிடம், 12. மறுபடி 5 நிமிடம், 24. நான்காவது டோஸ் போகும்போது மொத்தம் 45 ஆம்பூல், 27 மி.கி. கடிகாரத்தில் 15 நிமிடம்தான் ஓடியிருக்கிறது. மார்பு தெளிந்து அட்ரோபின் பிடித்துவிட்டால், அதுவரை போன மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை ஒவ்வொரு மணி நேரத்திலும் போகிற மாதிரி ட்ரிப்பில் ஓட விட வேண்டும். இந்த உதாரணத்தில் மணிக்கு 2.7 முதல் 5.4 மி.கி.

24 ஆம்பூலை உடைத்து சிரிஞ்சில் இழுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருமுறை செய்து பாருங்கள். ஒரே நர்ஸ், ஒரே ஜோடிக் கை என்றால் அந்த 5 நிமிடம் அதிலேயே கரைந்துவிடும்.

இது வெறும் நடைமுறைத் தொந்தரவு என்று ஒதுக்க முடியாது. 2012இல் வெளியான ஒரு வங்கதேச ஆய்வில், பழைய முறையில் இடைவெளி விட்டு ஒரே அளவில் ஊசி போட்டவர்களுக்கு அட்ரோபின் பிடிக்கச் சராசரியாக ஏறக்குறைய 152 நிமிடம் ஆனது. இரட்டிப்பு முறையும் அதன்பின் ட்ரிப்பும் கொடுத்தவர்களுக்கு 24 நிமிடம். இறப்பு முதல் குழுவில் 22.5 சதவீதம், இரண்டாவதில் 8 சதவீதம். இரண்டு குழுவுக்கும் மருந்து ஒன்றுதான். மாறியது, அளவை எவ்வளவு வேகமாக ஏற்றினார்கள், எவ்வளவு சீக்கிரம் படுக்கைக்குத் திரும்பி வந்தார்கள் என்பது.

அதனால் என் அளவுகோல்களில் முதலாவது கடிகாரம்: பயிற்சியில் அந்த 5 நிமிடம் உண்மையான 5 நிமிடமாக ஓடுகிறதா? இரண்டாவது கைகள்: ஆம்பூல் உடைப்பது, துணி கழற்றுவது, உறிஞ்சுவது எல்லாம் நிஜமாக நடக்கிறதா, அல்லது "கொடுத்தாச்சு" என்று வாயால் முடிகிறதா? மூன்றாவது உடம்பின் அறிகுறிகள். எட்ட வேண்டிய இலக்குகள் ஐந்து: தெளிந்த மார்பு, 80க்கு மேல் நாடி, 80க்கு மேல் சிஸ்டாலிக் அழுத்தம், உலர்ந்த அக்குள், ஊசிமுனையிலிருந்து விரிந்த கண்பாவை. இவற்றைத் தொட்டும் கேட்டும் அறிய முடிகிறதா? நான்காவது பொறிகள், அதாவது பழக்கத்தில் செய்வதே தவறாகிவிடும் இடங்கள்: பாராக்வாட் (களைக்கொல்லி), அலுமினியம் பாஸ்பைடு (தானியத்துக்கு வைக்கும் பூச்சிக்கொல்லி) மாதிரி வேறு சட்டம் பேசும் விஷங்களையும் கற்றுத்தர முடியுமா? அப்புறம் நோயாளியோடும் வீட்டாரோடும் பேச்சு, கடைசியாக விலைச்சீட்டில் வராத செலவு.

## சிமுலேஷன் மையமும் விலையுயர்ந்த மேனிக்கினும்

1960இல் ரெசஸி ஆன் என்ற பயிற்சிப் பொம்மை வந்தபோது அதன் வேலை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதப் பழக்குவது மட்டும்தான். இன்றைய உயர்ரக மேனிக்கின் கண்பாவையைச் சுருக்கும், இரண்டு நுரையீரலிலும் தனித்தனிச் சத்தம் போடும், சில மாடல்களில் கண்ணீரும் எச்சிலும் வழியும். மூச்சுக்குழாய் போடப் பழக இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. ஆர்கனோபாஸ்பேட் நோயாளிக்கு மூச்சுக்குழாய் போடும்போது, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் கொடுத்தால் தசைத் தளர்வு வெகுநேரம் நீடிக்கும். அந்த மருந்தை உடைக்கும் என்சைமையும் விஷம் முடக்கியிருக்கும். அந்தச் சூழலைத் திட்டமிட்டு உருவாக்கி, தவறு செய்ய விட்டு, நிறுத்திப் பேச மையத்தில்தான் முடியும்.

இன்னொரு அருமையான பொறியும் இதில் வைக்கலாம். நான்கு டோஸுக்குப் பிறகு இடப்பக்கம் தெளிவு, வலப்பக்கம் அடியில் மட்டும் கரகரப்பு. குழு இன்னும் இரட்டிப்பைத் தொடர்கிறதா? வாந்தி உள்ளே இறங்கியதால் வந்த கரகரப்புக்கு அட்ரோபின் மருந்தல்ல. தொடர்ந்தால் காய்ச்சல், பிதற்றல், அசையாத குடல், சிறுநீர் அடைப்பு என்று அட்ரோபின் விஷத்தில் கொண்டு போய் நிறுத்தும். இரண்டு பக்கமும் வேறு வேறு சத்தம் போடும் கருவி இல்லாமல் இந்தப் பாடத்தை இவ்வளவு அழகாக நடத்த முடியாது.

குறைகளும் உண்டு. தோலுக்கடியில் தசை துடிப்பதை மேனிக்கினில் சரியாகப் பார்க்க முடியாது; கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டித்தான் சமாளிக்க வேண்டும். மருந்து வாடை வராது. பெரிய குறை கடிகாரம்தான். மையத்தில் ஒரு காட்சிக்கு ஒதுக்குவது 15, 20 நிமிடம். அதனால் நடத்துகிறவர் "சரி, 5 நிமிடம் ஆகிவிட்டது" என்று தாவிவிடுவார். எந்த இடைவெளியில் நிஜ உலகத்தில் குழு சிதறுகிறதோ, அதே இடைவெளி பயிற்சியில் வெட்டப்பட்டுவிடுகிறது. "கொடுத்தாச்சு" நோயும் இங்கேதான் அதிகம்.

விலைச்சீட்டில் வராத செலவு: பராமரிப்பு ஒப்பந்தம், மென்பொருள் உரிமம், கிழிந்த தோல், செத்த பேட்டரி. எல்லாவற்றையும்விட, இயக்கத் தெரிந்த ஒரு ஆள். அவர் மாற்றலாகிப் போன மறுநாள் மேனிக்கின் போர்வை போர்த்திப் படுத்துவிடும். இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பார்த்திருக்கிறேன். வெளி மையத்துக்கு அனுப்புவதானால் இன்னொன்று: போகிறவர் பெரும்பாலும் டாக்டர். ஆம்பூல் உடைக்கப் போகிற நர்ஸும், நோயாளியைத் தூக்கப் போகிற ஊழியரும் டியூட்டியில் இருப்பார்கள்.

## நம் பிரிவிலேயே, நம் படுக்கையிலேயே

காற்றடைத்த பழைய சி.பி.ஆர். பொம்மை போதும். அதை நிஜமான ரெசஸ் (உயிர்காப்புச் சிகிச்சைப்) படுக்கையில் போட்டு, டியூட்டியில் இருக்கும் குழுவையே அழைத்து, நிஜ கடிகாரத்தில் ஓட்டுவது. மானிட்டர் எண்களை ஒரு டேப்லெட்டில் காட்டலாம், வெள்ளைப் பலகையில் எழுதினாலும் போதும். அக்குளில் நனைத்த பஞ்சு. மார்புச் சத்தத்துக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர்.

எனக்கு இதில்தான் சாய்வு, மறைக்கவில்லை. காரணம் ஒரு அனுபவம். ஒரு மருத்துவமனையில் முதல்முறை இப்படி ஓட்டினோம். மூன்றாவது டோஸில் பயிற்சி நின்றுவிட்டது. பிரிவு அலமாரியில் இருந்ததே 10 ஆம்பூல். முதல் டோஸுக்கு 3, இரண்டாவதுக்கு 6 போனதும் மிஞ்சியது ஒன்று. மீதி மருந்தகத்தில், வேறு மாடியில், இரவில் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. எத்தனை வருடம் வகுப்பு எடுத்திருந்தாலும் இது வெளியே வந்திருக்காது. உறிஞ்சு குழாய் எட்டாத படுக்கை, கழற்றிய துணியைப் போடப் பை இல்லாதது, இன்ஃப்யூஷன் பம்புக்கு ஐ.சி.யு.விடம் கெஞ்ச வேண்டியது என்று பின்னால் வரிசையாகக் கிடைத்தன. கட்டடத்திலும் அலமாரியிலும் ஒளிந்திருக்கும் ஆபத்துகள் அந்தக் கட்டடத்தில் பயிற்சி நடந்தால்தான் தெரியும்.

ஊழியர்களின் பயத்தைக் கையாளவும் இதுவே இடம். கரைப்பான் வாடைக்குத் தலைவலியும் குமட்டலும் வரும், சிலர் கிட்டேயே வர மாட்டார்கள். கையுறை, மேலங்கி, நல்ல காற்றோட்டம், துணியைக் கழற்றித் தோலைக் கழுவுவது, வாந்தியை உடனே அப்புறப்படுத்துவது. இவ்வளவையும் உடம்பால் ஒருமுறை செய்துவிட்டால் பயம் அளவுக்கு வந்துவிடும். சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக் கழுவிக்கொண்டிருக்கக் கூடாது, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

வயிறு கழுவும் பழக்கமும் இங்கே அம்பலமாகும். மூச்சும் ரத்த அழுத்தமும் தள்ளாடும்போது ஒருவர் குழாயோடு வயிற்றுப் பக்கம் போவார். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, கை தானாகப் போகிறது. டீப்ரீஃபிங்கில், அதாவது பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து அலசும்போது, அதைப் பேசலாம்.

மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு. நிஜ நோயாளி வந்தால் பயிற்சி ரத்து. மூன்றில் ஒன்று ரத்தாகும் என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். "நிறுத்து" என்று யார் சொல்லலாம் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். காத்திருக்கும் நோயாளிகளின் உறவினர்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும். மிகப் பெரிய ஆபத்து, பயிற்சிக்காக வைத்த தண்ணீர் ஆம்பூல் நிஜ மருந்து ட்ரேயில் கலப்பது. நிறம் வேறான பெட்டி, ஒவ்வொன்றிலும் "பயிற்சிக்கு மட்டும்" ஒட்டு, தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணிக்கை. இதற்கு ஒழுங்கு இல்லாத பிரிவு இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று: குழு தன் மேலதிகாரி முன்னால் தன் இடத்திலேயே தவறு செய்கிறது. டீப்ரீஃபிங் சண்டையாகவோ விசாரணையாகவோ மாறினால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

## மேசைப் பயிற்சி

ஒரு காகிதம், ஒரு கேஸ், சுற்றி எட்டுப் பேர். செலவு ஏறக்குறைய இல்லை. கடிகாரமும் கைகளும் இதில் பூஜ்யம், அதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஆனால் முடிவெடுக்கும் பொறிகளுக்கு இதுதான் மிகச் சிறந்தது. பலர் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

உதாரணமாக, பாராக்வாட். எல்லா அவசர நோயாளிக்கும் முதல் வேலை ஆக்சிஜன் மாஸ்க் என்று விரல்களுக்குப் பழகிவிட்டது. பாராக்வாட்டிலோ ஆக்சிஜன் நுரையீரல் சேதத்தைக் கூட்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகே, தேவையான அளவுக்கு மட்டும். சிறுநீரில் சோடியம் டைதயோனைட் சேர்த்தால் நீலமாகும் சோதனை உங்கள் ஆய்வகத்தில் செய்வார்களா? அலுமினியம் பாஸ்பைடு என்றால் பாஸ்பீன் வாயு, மாற்றுமருந்து கிடையாது, இறங்கிக்கொண்டே போகும் ரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும் அமிலத்தன்மையும்தான் போர்க்களம். ஆர்கனோபாஸ்பேட்டுக்கு இன்னொரு மாற்றுமருந்தான பிராலிடாக்சைம் கொடுப்பதா வேண்டாமா என்பதிலும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஒன்று பெரிய டோஸில் பலன் கண்டது, இன்னொன்று காணவில்லை. உங்கள் பிரிவின் நிலைப்பாடு என்ன என்பதை இரவு 2 மணிக்கு படுக்கையருகே விவாதிப்பதைவிட மேசையில் முடித்துவிடலாம்.

செலவு ஒன்றே ஒன்று. நடத்துகிறவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வாசிப்பு வட்டமாகிவிடும்.

## நடிக்கும் நோயாளி

1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரை மாணவர்கள் முன் உட்கார வைத்தார். அங்கே தொடங்கியது இந்த வழி. பூச்சிமருந்துக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். இரண்டு காரணம்.

ஒன்று, தானே மருந்து குடித்து வந்தவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பேசுவது. எதைக் குடித்தார், எப்போது, பாட்டில் எங்கே என்று கேட்கும் தொனியிலேயே பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வாய் மூடிக்கொண்ட நோயாளியிடமிருந்து விஷத்தின் பெயர் வராது. பிளாஸ்டிக் பொம்மையிடம் இதைப் பழக முடியாது.

இரண்டாவது காரணம் பலருக்குத் தோன்றாதது. 1987இல் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் இலங்கை நோயாளிகளை வைத்து விவரித்த இடைநிலை நோய்த்தொகுதி. 24 முதல் 96 மணி நேரத்துக்குள், தேறிவிட்டார் என்று நினைத்த நோயாளிக்குக் கழுத்துத் தசை தளரும், பின்னால் மூச்சு நிற்கும். முதல் அறிகுறி, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது. எந்த மேனிக்கினும் தலையைத் தூக்கிக் காட்டாது. நடிகர் தூக்குவார், அடுத்த முறை பாதியில் விடுவார், மூன்றாவது முறை தூக்கவே மாட்டார். மூன்றாம் நாள் வார்டு காட்சியாக இதை வைத்தால், "தலையைத் தூக்குங்கள் பார்ப்போம்" என்று கேட்கும் பழக்கம் நர்ஸ்களுக்கு ஒட்டிக்கொள்ளும்.

செலவு மனதில் இருக்கிறது. தற்கொலை முயற்சியை நடிப்பது நடிகரை உலுக்கும். முடிந்ததும் அவரைப் பாத்திரத்திலிருந்து வெளியே கொண்டுவர நேரம் வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்களில் யாருக்காவது வீட்டில் இப்படி ஒன்று நடந்திருக்கலாம். அதனால் காட்சி என்னவென்று முன்பே சொல்லி, விலகிக்கொள்ள வழி விடுங்கள். டியூட்டியில் இருக்கும் நர்ஸையே பிடித்து "நீ நடி" என்பது கூடவே கூடாது.

## திரையும் வி.ஆர். கண்ணாடியும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனி ஆள், தன் நேரத்தில், திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம்; ஷிஃப்ட் ஒத்துவராத பெரிய குழுவுக்கு இது நிஜமான நன்மை. மருந்தின் வரிசையும் மறுபரிசோதனை நேரமும் பதிவாகிவிடும் என்பதால் யார் 5 நிமிடத்தை மறந்தார் என்று எண்ணாகவே தெரியும். ஆனால் பட்டனை அழுத்தினால் 24 ஆம்பூல் போய்விடுகிறது. கடையில் கிடைக்கும் காட்சிகள் வேறு யாரோ எழுதிய நெறிமுறையில் ஓடும். சில, போரில் வரும் நரம்பு வாயுவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் ஆம்பூல் அளவு, உங்கள் டோஸ் அட்டவணைக்கு மாற்ற முடியுமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கண்ணாடி போட்டதும் சிலருக்குத் தலைசுற்றும். ஒவ்வொருவருக்கும் நடுவே துடைக்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும்.

## ஒரு பார்வையில்

| | கடிகாரம் | கைகள் | உடல் அறிகுறி | வேறு விஷப் பொறிகள் | பேச்சு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|---|
| மையம், உயர்ரக மேனிக்கின் | பெரும்பாலும் வெட்டப்படும் | பாதி | மிக நன்று | நன்று | சுமார் | இயக்குநர், பராமரிப்பு |
| நம் பிரிவிலேயே | நிஜம் | நிஜம் | சுமார், சமாளிக்கலாம் | சுமார் | சுமார் | ரத்துகள், ஆம்பூல் கலக்கும் ஆபத்து |
| மேசை | இல்லை | இல்லை | இல்லை | மிக நன்று | கொஞ்சம் | நல்ல நடத்துநர் |
| நடிக்கும் நோயாளி | வேண்டாம் | வேண்டாம் | கழுத்துத் தளர்ச்சிக்கு மிக நன்று | கொஞ்சம் | மிக நன்று | மனச்சுமை |
| திரை, வி.ஆர். | பதிவாகும் | இல்லை | படமாக மட்டும் | காட்சியைப் பொறுத்து | குறைவு | உரிமம், மாற்ற முடியாத நெறிமுறை |

## யாருக்கு எது?

வாரத்துக்கு ஒன்றிரண்டு பூச்சிமருந்து கேஸ் வரும், மேனிக்கினுக்குப் பணமில்லாத பிரிவு: நம் பிரிவிலேயே, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நடுவில் ஒரு மேசைப் பயிற்சி சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதுநிலைப் பயிற்சி டாக்டர்கள் நிறைந்த பெரிய மருத்துவமனை: மூச்சுக்குழாய்க்கும் குழுவை வழிநடத்தவும் மையம். ஆனால் மையத்தில் கற்றதை நம் படுக்கையில் ஒருமுறை சோதிக்காமல் சான்றிதழ் கொடுக்க வேண்டாம் என்பேன்.

வருடத்துக்கு இரண்டு கேஸ் வந்தாலே அதிகம் என்ற இடம்: திரையோ மேசையோ போதும், கூடவே அட்ரோபின் இருப்பை எண்ணிப் பார்க்கும் ஒரு நாள். இங்கே திறமை மங்குவதுதான் பிரச்சினை. அடிக்கடி, சின்னதாக நடத்துவது, எப்போதாவது பெரிதாக நடத்துவதைவிட உதவும்.

முதல் மணி நேரத்தை நன்றாகத் தாண்டிவிட்டு மூன்றாம் நாள் வார்டில் நோயாளியை இழக்கும் இடம்: நடிக்கும் நோயாளி, அதுவும் வார்டு நர்ஸ்களுக்கு. அவசரப் பிரிவுக்கு இன்னொரு மேனிக்கின் வாங்குவது அங்கே வீண்.

எந்த வழியானாலும் டீப்ரீஃபிங்குக்குக் காட்சிக்கு ஆன நேரமாவது ஒதுக்குங்கள், முடிந்தால் அதில் இரண்டு மடங்கு. டோஸ் இரட்டிப்பைப் பழக்க மட்டும் இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதில் முடிவு வரை காத்திருக்காமல், தவறியதும் நிறுத்தி, ஒரு வரியில் திருத்தி, உடனே பத்து வினாடி பின்னால் போய் மறுபடி செய்ய வைக்கும் முறை நன்றாக ஒத்துவருகிறது. சி.பி.ஆர். பயிற்சியில் இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த மாதம் ஒரே ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் நான் செய்வது இது. காலாவதியான அட்ரோபின் 45 ஆம்பூல், ஒட்டுப் போட்டு, எண்ணி, சிவப்புப் பெட்டியில். ஒரு சுவர்க் கடிகாரம். இரண்டு நர்ஸ், ஒரு டாக்டர், ஒரு வார்டு உதவியாளர். படுக்கையில் பொம்மை, அக்குளில் ஈரப் பஞ்சு. முதல் டோஸ் சொன்னதும் கடிகாரத்தை ஓட விட்டு, நான் மூலையில் போய் நின்றுகொள்வேன்; நேரத்தைச் சொல்ல மாட்டேன். ஐந்தாவது நிமிடத்தில் யார் ஸ்டெதஸ்கோப்போடு திரும்பி வருகிறார் என்பதைக் குறித்துக்கொள்வேன். யாரும் வரவில்லை என்றால் அதையும் குறித்துக்கொண்டு, பெட்டியில் எத்தனை ஆம்பூல் மீதி என்று எண்ணச் சொல்வேன்.